தோட்டக்காரர் கேட்ட ஓராண்டு

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – நற்செய்தி: லூக்கா 13: 1-9



இன்றைய நற்செய்தியின் பிற்பகுதியில் இயேசு ஒரு சிறிய உவமையைச் சொல்கிறார். நான்கே வசனங்கள்தாம். ஒருவருடைய திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம் நிற்கிறது. தோட்டத்துக்குச் சொந்தக்காரர் மூன்று ஆண்டுகளாக வந்து வந்து பார்க்கிறார். ஒரு கனிகூட இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு இது எதற்கு, வெட்டிவிடு என்கிறார். தோட்டத் தொழிலாளரோ, இந்த ஓர் ஆண்டு மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறார். மரத்தைச் சுற்றிலும் கொத்தி எரு வைக்கிறேன், அப்போதும் காய்க்காவிட்டால் உங்கள் விருப்பம் என்கிறார். சொந்தக்காரர் என்ன பதில் சொன்னார் என்பதை இயேசு சொல்லவில்லை. மரம் காய்த்ததா என்பதும் நமக்குத் தெரியாது. உவமை அத்தோடு முடிகிறது.

வழக்கமாக நாம் இந்த உவமையை நம் மனமாற்றத்தோடு இணைத்துச் சிந்திக்கிறோம். அது சரியே. நாம்தான் அந்த மரம், நமக்காகப் பரிந்து பேசுபவர் இயேசு. ஆனால், இன்று அந்தத் தோட்டத் தொழிலாளரின் கைகளைச் சற்றுக் கவனிப்போம். அவர் மரத்தைக் குறை சொல்லவில்லை. மரத்தின் காலடியில் இருக்கும் மண்ணைப் பார்க்கிறார். மண் இறுகியிருக்கிறதா, அதற்குச் சாப்பாடு போதவில்லையா என்று யோசிக்கிறார். பிறகு மூன்று காரியங்களைச் சொல்கிறார்: கொத்த வேண்டும், எருவிட வேண்டும், பொறுத்திருக்க வேண்டும். இன்று வேளாண் அறிஞர்கள் 'நீடித்த வேளாண்மை' என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். இன்றைக்கு விளைவதோடு, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்த நிலம் விளையும்படி பயிர் செய்வதே நீடித்த வேளாண்மை.

காவிரியின் கரையில் நெல்லோடு வாழும் நமக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம் பீடத்தைப் பாருங்கள். நற்கருணைக்குரிய அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாகவும், இரசம் திராட்சைக் கனியிலிருந்து வந்த, கெட்டுப்போகாத இரசமாகவும் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 924 சொல்கிறது. இந்த இரண்டுமே நம் தஞ்சை மண்ணில் விளைபவை அல்ல. கோதுமை வடக்கேயிருந்து வருகிறது. திராட்சை மேற்கேயிருந்து வருகிறது. ஆனால், குருவானவர் இரசத்தோடு கலக்கும் அந்தச் சில துளி நீர் நம்முடையது. காவிரியும் கொள்ளிடமும் தந்த நீர். எங்கோ ஒரு விவசாயியின் வயலும், வேறெங்கோ ஒருவரின் தோட்டமும், நம் ஊர்த் தண்ணீரும் ஒரே கிண்ணத்தருகே கூடுகின்றன. நிலம் தந்ததையும் மனித உழைப்பு தந்ததையும் இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பதாக அவ்வேளையில் குருவானவர் செபிக்கிறார். அந்த நிலம் எப்படி இருக்கிறது, அந்த உழைப்பாளி எப்படி இருக்கிறார் என்று கேட்காமல் நாம் அந்தச் செபத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

நமக்கு அருகிலுள்ள திராட்சைத் தோட்டம் எது? தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், 1895ம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் செழிக்கும் பகுதி அது. அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. 1832ம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டு அருள்பணியாளர் ஒருவர்தாம் திராட்சையை இங்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் திராட்சைக் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். கம்பத்தில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. எனவே விவசாயியே கவாத்து செய்து கொடிக்கு ஓய்வு தந்து, மீண்டும் தளிர்க்க வைக்கிறார். கவாத்து செய்த ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் வந்துவிடும். ஆளுக்கொரு நேரத்தில் கவாத்து செய்வதால், ஆண்டு முழுவதும் அங்கே ஏதோ ஒரு பந்தலில் பழம் தொங்கிக்கொண்டிருக்கும். கனி தரும் கிளையையும் தந்தை தறித்துவிடுகிறார் என்று யோவான் நற்செய்தி 15ம் பிரிவில் இயேசு சொல்வதன் பொருள், கம்பத்துக்காரர்களுக்கு விளக்கம் இல்லாமலேயே புரியும்.

அந்தத் தோட்டக்காரர் சொன்ன மூன்று காரியங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொத்துதல்

கொத்துவது என்றால், மூடிக் கிடப்பதைத் திறந்துவிடுவது. வேருக்குக் காற்று வேண்டும், இலைக்கு வெயில் வேண்டும்.

திராட்சைக்கு வரும் பெரிய தொல்லை பூசண நோய்கள். சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் கொடி அடர்ந்து, காற்றுப் புகாமல் இருக்கும்போது வேகமாகப் பரவும். இதற்காக மழைக்காலத்தில் அடிக்கடி மருந்தடிக்க வேண்டியிருப்பதால், திராட்சை என்றாலே மருந்து என்ற பேச்சு வந்துவிட்டது. 1880களில் பிரான்சின் போர்தோ பகுதியில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளுக்கு அடித்து நோயைத் தடுத்தார்கள். இன்றும் நம் விவசாயிகள் 'போர்டோ கலவை' என்று சொல்வது அதைத்தான். இயற்கை வேளாண்மையிலும் அதை அனுமதிக்கிறார்கள். ஆனால், அதிலுள்ள செம்பு மண்ணிலேயே தங்கிவிடும். ஆண்டுக்காண்டு சேர்ந்து மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் கேடாகும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம், ஓர் எக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் செம்பு போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. நல்லது என்று நினைப்பதற்கும் அளவு உண்டு என்பதை இதில் கற்றுக்கொள்கிறோம்.

ஆகவே, அக்கறையுள்ள திராட்சை விவசாயிகள் மருந்துக்கு முன்பே வேறொன்றைச் செய்கிறார்கள். குலையை மூடியிருக்கும் இலைகளைக் கிள்ளி, கொடியை விரித்துக் கட்டி, காற்றும் வெயிலும் ஊடுருவ வழி செய்கிறார்கள். தினமும் பந்தலுக்கடியில் நடந்து, இலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால்தான் தெளிக்கிறார்கள்.

இதே பாடம் நம் நெல் வயலிலும் இருக்கிறது. புகையான் வந்து பயிர் கருகியதைப் பார்க்காத டெல்டா விவசாயி இல்லை. நெருக்கி நட்டு, யூரியாவை அள்ளிப் போட்டு, தண்ணீரை எப்போதும் கட்டி வைத்த வயலில்தான் புகையான் குடியேறும். எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடுங்கள், அவ்வப்போது நீரை வடியுங்கள் என்று வேளாண் துறையினர் சொல்வது, பயிருக்குள் காற்றும் வெயிலும் புகத்தான். பந்தலில் இலை கிள்ளுவதும் வயலில் பட்டம் விடுவதும் ஒரே சிந்தனையின் இரண்டு வடிவங்கள்.

இங்கே இன்னொரு அருள்பணியாளரை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் பெயர் ஹென்றி தெ லோலானியே. பிரான்ஸ் நாட்டு இயேசு சபைக் குரு. வேளாண்மை படித்தவர். 1961ம் ஆண்டு மடகாஸ்கர் தீவுக்குச் சென்று, அங்குள்ள ஏழை நெல் விவசாயிகளோடு தம் வாழ்நாளைக் கழித்தார். 1983ம் ஆண்டு, மழை சரியாகக் கைகொடுக்காத ஒரு பருவத்தில், வழக்கம்போல் ஒரு மாத நாற்றுக்குக் காத்திராமல், 15 நாள் நாற்றையே பிடுங்கி நட வேண்டியதாயிற்று. பயிர் பிழைக்குமா என்ற ஐயம் இருந்தது. ஆனால், அந்த இளநாற்றுகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தூர் கட்டின. அதைக் கூர்ந்து கவனித்து, விவசாயிகளோடு சேர்ந்து அவர் உருவாக்கிய முறையே இன்று உலகின் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நம் ஊரில் அதன் பெயர் திருந்திய நெல் சாகுபடி. தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டித் தமிழக அரசு அதற்கு 'இராஜராஜன் 1000' என்று பெயர் சூட்டியது. ஆக, ஏழைகளுக்காக ஒரு குருவானவர் தொலைதூரத் தீவில் கண்டெடுத்த முறை, நம் சோழ மன்னனின் பெயரோடு நம் வயலுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அதில் செய்வது என்ன? ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். வழக்கமான நடவில் 20 கிலோவுக்கு மேல் ஆகிறது. 14 நாள் வயதுள்ள நாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடுகிறோம். தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல், மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றியபின் மறுபடி பாய்ச்சுகிறோம். நம்மவர்கள் இதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று அழகாகச் சொல்கிறார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் கருவியை வரிசைகளுக்கு இடையே ஓட்டி, களையை அங்கேயே அமுக்கிவிடுகிறோம். களையும் உரமாகிறது, மண்ணும் திறக்கிறது, வேருக்கும் மூச்சு கிடைக்கிறது. இதுதான் உவமையின் தோட்டக்காரர் சொன்ன கொத்துதல். தண்ணீர் கணிசமாக மிச்சமாகிறது. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ம் தேதி திறக்குமா, திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்று ஆண்டுதோறும் வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இது சாதாரணமான செய்தி அல்ல. மேலும், எப்போதும் நீர் நிற்கும் வயலிலிருந்துதான் மீத்தேன் வாயு அதிகம் கிளம்பி, பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது. நீரை வடிய விடும்போது அதுவும் குறைகிறது.

எருவிடுதல்

எருவிடுவது என்றால், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது.

உலகெங்கும் நல்ல திராட்சைத் தோட்டங்களில் இதை ஓர் ஒழுங்காகவே கடைப்பிடிக்கிறார்கள். பழத்தைப் பிழிந்தபின் எஞ்சும் தோலையும் விதையையும் காம்பையும் மட்கவைத்து அதே தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கவாத்து செய்த குச்சிகளை எரிக்காமல், பொடித்து மண்ணில் பரப்புகிறார்கள். வரிசைகளுக்கு இடையே வெறும் தரையாக விடாமல், பயறு வகைகளையும் புல்லையும் விதைத்து மண்ணை மூடி வைக்கிறார்கள். நியூசிலாந்திலும் கலிபோர்னியாவிலும் கொடி உறங்கும் குளிர்காலத்தில் செம்மறியாடுகளைத் தோட்டத்துக்குள் மேய விடுகிறார்கள். ஆடு களையைத் தின்கிறது, எருவைக் கொடுக்கிறது.

இதைக் கேட்கும்போது நம் பெரியவர்கள் சிரிப்பார்கள். இது நம் வீட்டுக் கதை அல்லவா? சம்பா அறுவடை முடிந்ததும், இராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு நம் வயல்களுக்கு வந்து கிடை போடுவது நாம் காலங்காலமாகப் பார்த்து வருவது. இந்தத் தவக்கால நாள்களில் வெளியே சென்றால், இப்போதும் சில வயல்களில் கிடையைக் காணலாம். தாளடி நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாளுக்கு முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தையும் பாசிப்பயறையும் தெளித்துவிடுவதும் நம் டெல்டாவின் தனி அறிவு. நெல் அறுத்துக் களத்துக்குப் போகும்போது, அடியில் உளுந்து முளைத்து நிற்கும். தனியாக உழவு இல்லை, தனியாக நீர் இல்லை. பனியிலும் எஞ்சிய ஈரத்திலுமே விளைந்துவிடும். உளுந்தின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அறுவடை எந்திரங்களின் சக்கரத்தில் முளைத்த பயிர் நசுங்குவதால் இந்தப் பழக்கம் பல இடங்களில் குறைந்து வருவது வருந்தத்தக்கது.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பு காவிரி வெள்ளம் தண்ணீரை மட்டும் கொண்டுவரவில்லை, வண்டலையும் கொண்டுவந்தது. 1934ம் ஆண்டு மேட்டூர் அணை வந்தபின், வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. ஆறு இலவசமாகக் கொடுத்துவந்த எரு நின்றுபோனது. அதன்பின் வந்த பசுமைப் புரட்சியின் குட்டை ரக நெல்லும் இரசாயன உரமும் நாட்டின் பசியைப் போக்கின என்பதை நாம் நன்றியோடு ஏற்க வேண்டும். ஆனால், மண்ணுக்கு உப்புச் சத்தை மட்டும் கொடுத்து, அதற்கு வேண்டிய தழையையும் தொழுவுரத்தையும் மறந்தோம். உழவு மாடு போயிற்று, அதோடு தொழுவமும் போயிற்று. வைக்கோலையும் கட்டுக்கட்டாக விற்றுவிடுகிறோம். எடுப்பது மட்டும் நடக்கிறது, கொடுப்பது நின்றுவிட்டது.

திருப்பிக் கொடுக்கும் வழிகள் எளியவையே. கோடையில் தக்கைப்பூண்டையோ சணப்பையோ விதைத்து, 40, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் வயலுக்கே உரம் விளைந்துவிடுகிறது. தமிழக அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு மானியமும் உண்டு. திட்டத்தின் பெயரிலேயே ஒரு மறையுரை இருக்கிறது: மண்ணிலுள்ள உயிர் காக்கப்பட்டால்தான் மற்ற உயிர்கள் நிலைக்கும். எலிக்கு நஞ்சு வைப்பதற்குப் பதிலாக, வயலில் ஆந்தை வந்து அமரக் கழி நட்டு வைப்பதையும், மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டியையும் நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் ஊர் ஊராகச் சென்று நினைவூட்டியவர் கோ. நம்மாழ்வார். பூண்டி மாதாவை நாடிச் செல்லும் நம் மக்கள் நன்கறிந்த திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் உள்ள இளங்காடுதான் அவர் பிறந்த ஊர். அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையப் பணியை விட்டுவிட்டு, களக்காட்டில் 'அமைதித் தீவு' அமைப்பின் பணியில் சேர்ந்தார். அந்த அமைப்பை நிறுவியவர், 1958ம் ஆண்டு அமைதிக்கான நொபெல் விருது பெற்ற பெல்ஜியம் நாட்டு தொமினிக்கன் குரு, அருள்தந்தை தொமினிக் பீர். டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக மக்களைச் சந்தித்து வந்த நாள்களில், 2013ம் ஆண்டு டிசம்பர் 30ம் தேதி, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் நம்மாழ்வார் இறந்தார். ஆறாண்டுகள் கழித்து, 2020ம் ஆண்டு, காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமானது. தந்தையரின் உரிமைச் சொத்தான திராட்சைத் தோட்டத்தை அரசன் கேட்டும் தர மறுத்த நாபோத்தின் கதையை, அரசர்கள் முதல் நூல் 21ம் பிரிவில் நாம் வாசிக்கிறோம். நிலம் வெறும் விற்பனைப் பொருள் அல்ல என்பதில், விவிலியமும் டெல்டா விவசாயியும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

பொறுத்திருத்தல்

அன்பர்களே, கொத்துவதும் எருவிடுவதும் விவசாயியின் வேலை. ஆனால், உவமையில் அவர் கேட்பது அது அல்ல. அதை நான் செய்கிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். சொந்தக்காரரிடம் அவர் கேட்பது ஓராண்டு காலம். இதுதான் உவமையின் உயிர்நாடி.

இரசாயன உரத்திலிருந்து இயற்கை முறைக்கு மாறும் நிலத்துக்கு ஒரு மாற்றக் காலம் உண்டு. நம் நாட்டின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்ட விதிகளின்படி, பொதுவாக நெல் போன்ற பயிருக்கு இரண்டு ஆண்டுகள், திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டுகள். இந்தக் காலத்தில் விவசாயி இயற்கை முறையில்தான் பாடுபடுவார், ஆனால் இயற்கை விளைபொருள் என்ற முத்திரையோ அதற்குரிய விலையோ அவருக்குக் கிடைக்காது. விளைச்சலும் முதலிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் குறையும். மண் தன் உயிரை மீட்டுக்கொள்ள அவ்வளவு காலம் ஆகிறது. உவமையில் வரும் அந்த மூன்று ஆண்டுகளை இதோடு வைத்துப் பாருங்கள். கனியில்லாத ஆண்டுகளின் சுமையை யார் தாங்குவது?

டெல்டாவில் பயிர் செய்யும் பலர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் அல்லர், குத்தகைக்காரர்கள். அடுத்த ஆண்டு இந்த நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவர், மூன்றாம் ஆண்டில் பலன் தரப்போகும் தொழுவுரத்தை எந்தத் தைரியத்தில் கொட்டுவார்? நகையை அடகு வைத்து நடவு செய்தவர், இந்தப் பருவத்தில் நான்கு மூட்டை குறைந்தாலும் பரவாயில்லை என்று எப்படிச் சொல்வார்? 2016, 2017ம் ஆண்டுகளின் வறட்சியில், கருகிய பயிரைக் கண்டு நம் பகுதி விவசாயிகள் உயிரிழந்த செய்திகளை நாம் மறந்துவிடவில்லை. எனவே, விவசாயி நஞ்சு தெளிக்கிறார் என்று குற்றம் சாட்டுவதும், இயற்கைக்கு மாறுங்கள் என்று அவருக்கு மட்டும் உபதேசம் செய்வதும் நற்செய்தி ஆகாது. அப்படிச் செய்தால், கோடரியோடு நிற்கும் சொந்தக்காரரின் இடத்தில்தான் நாம் நிற்போம்.

விவிலியம் இந்தச் சுமையை ஒருவர் தலையில் மட்டும் வைப்பதில்லை. லேவியர் நூல் 25ம் பிரிவில், ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு ஆண்டு என்று இறைவன் கட்டளையிடுகிறார். வயலை விதைக்கக்கூடாது, திராட்சைத் தோட்டத்தைக் கிளை நறுக்கக்கூடாது. அதே பிரிவில், அந்த ஆண்டு உண்பது எப்படி என்ற மக்களின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. தானாக விளைந்தது உரிமையாளருக்கும் பணியாளருக்கும் அந்நியருக்கும் கால்நடைக்கும் பொது. நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் காலத்தின் பாரத்தை ஊர் முழுவதும் சேர்ந்து சுமக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலும், பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வெவ்வேறானவை அல்ல என்பதை நமக்கு எடுத்துரைக்கிறது.

நம் காலத்திலும் இப்படிச் சுமையைப் பகிர்ந்துகொண்ட ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த 'நெல்' ஜெயராமன். மறைந்துகொண்டிருந்த பாரம்பரிய நெல் வகைகளைத் தேடித் தேடி, 174 வகைகளை மீட்டவர். ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். அங்கு வரும் விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசமாகக் கொடுப்பார். பணம் வாங்குவதில்லை. அடுத்த ஆண்டு வரும்போது அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது இன்னும் இருவருக்குப் போகும். வெள்ளத்தைத் தாங்கும் காட்டுயானமும், பூங்காரும், மாப்பிள்ளைச் சம்பாவும் இப்படித்தான் வீடு வீடாகப் பரவின. 2018ம் ஆண்டு டிசம்பர் 6ம் தேதி அவர் இறந்தார். விதை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. காலம் தருவது, நம்பிக்கை வைப்பது, திரும்பி வருவதைப் பிறருக்குக் கொடுப்பது என்ற மூன்றும் அந்த 2 கிலோ விதைக்குள் இருந்தன.

நாம் என்ன செய்யலாம்?

நிலம் உள்ளவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சில இடங்களில் பங்கின் பெயரிலும் சபைகளின் பெயரிலும் நிலம் உண்டு. மண்ணைச் சீர்ப்படுத்த முன்வரும் குத்தகைக்காரருக்கு மூன்று ஆண்டுகளை உறுதியாகத் தருவோம். முதல் ஆண்டில் விளைச்சல் குறைந்தால், குத்தகை நெல்லையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்வோம். அதுவே இன்றைய உவமையில் விடுபட்டிருக்கும் பதிலை நாம் எழுதுவது.

நிலம் இல்லாதவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. நாம் அனைவரும் அரிசி வாங்குகிறோம். ஓர் அன்பியத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சேர்ந்து, மாற்றக் காலத்தில் இருக்கும் ஒரே ஒரு விவசாயியிடம், முத்திரை இல்லாவிட்டாலும் நம்பி, ஆண்டுக்குரிய அரிசியை முன்பேசி வாங்கலாம். அரிசி சற்றுப் பழுப்பாக இருக்கலாம், குருணை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதையும் பொறுத்துக்கொள்வது தவக்காலத்துக்கு ஏற்ற ஒறுத்தலே. கூலிக்கு மருந்தடிக்கச் செல்லும் நம் சகோதரர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் இருக்கின்றனவா என்று, வேலைக்கு அழைப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிரைக் காக்கும் அவசரத்தில் மனிதரை இழந்துவிடக்கூடாது. பொங்கல் விழாத் திருப்பலியில் நாம் நெற்கதிரைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறோம். அடுத்த பொங்கலுக்கு, கதிரோடு ஒரு மரக்கால் விதைநெல்லையும் கொண்டுவந்து, திருப்பலிக்குப்பின் வேண்டியவர்களுக்குக் கொடுத்து, மறு ஆண்டு இரட்டிப்பாக வாங்கி வைக்கலாம். மண்ணை ஆய்வு செய்து பார்க்காமல் உரம் போடுவதில்லை என்று நம் பங்கின் விவசாயிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். இவை சிறிய காரியங்கள்தாம். தோட்டக்காரரும் ஒரு மண்வெட்டியையும் ஒரு கூடை எருவையும் பற்றித்தான் பேசினார்.

அன்பார்ந்தவர்களே, நம்மை வெட்டிவிடாமல், ஆண்டுக்கு ஆண்டு நமக்குக் காலம் தந்துகொண்டிருப்பவர் நம் ஆண்டவர். இந்தத் தவக்காலமும் அப்படி நமக்குக் கிடைத்த ஓர் ஆண்டின் பகுதியே. பொறுமையைப் பெற்றவர்கள் பொறுமையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். நம் மண்ணுக்கும், அதில் குனிந்து நிற்கும் மனிதருக்கும் அந்தக் காலத்தைக் கொடுக்க முன்வருவோம்.

செபிப்போம்: எல்லாம் வல்ல இறைவா, எங்களுக்குக் காவிரியையும் வயலையும் தந்தவரே, எங்கள் பீடத்துக்குக் கோதுமையும் திராட்சையும் தரும் கைகளை ஆசீர்வதியும். இறுகிப்போன எங்கள் மண்ணையும் மனத்தையும் கொத்தித் திறந்தருளும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் நேர்மையையும், கனிக்காகக் காத்திருக்கும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். கடனிலும் கவலையிலும் வாடும் விவசாயக் குடும்பங்களை ஆரோக்கிய அன்னையின் பரிந்துரையால் காத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.